இரண்டு ஜீப்புகளும் ஒரு மைல் மீற்றரும்

இரண்டு ஜீப்புகளில் எது மூதூரில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. முடிவு எடுப்பது தலைமை அலுவலகம்தான். இரண்டையும் ஓட வைத்துப் பார்த்து, அளந்து, அறிக்கை கொடுப்பது மட்டுமே என் பொறுப்பு. ஆனால் என் அறிக்கைக்கு மேலே இன்னொருவர் கொழும்பிலிருந்து மூதூர் வரை வந்து பார்க்கப் போவதில்லை என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரிக்கும் அரசாங்க அலுவலகம் அது, எங்கள் வாயில் கந்தோர். திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. நான் அங்கே தொழினுட்ப உதவியாளர். வீடு பாலையூற்றில். காலையில் சைக்கிளில் இறங்குதுறைக்கு வந்து, லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்தால், மூதூரில் கந்தோர் ஜீப் நிற்கும். அங்கிருந்து தெற்கே வெருகல் வரைக்கும் உள்ள சிறு குளங்களெல்லாம் எங்கள் பொறுப்பு.

பெற்றோல் விலை ஏறியிருந்த காலம். மூதூர்ப் பகுதியின் பழைய பெற்றோல் ஜீப் அதிகம் குடிக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் யாரோ கணக்குப் பார்த்துவிட்டார்கள். வேறொரு மாவட்டத்தில் இரண்டு வருடம் ஓடிய டீசல் ஜீப் ஒன்றை அனுப்புகிறோம், ஒரு மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு ஒன்றைத் திருப்பி எடுப்போம் என்று கடிதம் வந்தது. கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது. திருப்பி எடுக்கப்படும் ஜீப்புடன் அதன் சாரதியும் மாற்றப்படுவார்.

பழைய ஜீப்பின் சாரதி மூதூரைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் எல்லோரும் நானா என்போம். மனைவி இறந்து நான்கு வருடம். மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினான்கு வயது. வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஏலாது, வேலையைத்தான் விட வேண்டும் என்று கடிதம் வந்த அன்றே பிரதம எழுதுவினைஞரிடம் சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வயிறு இருந்தது. அவர் என்ன செய்தாவது பழைய ஜீப்பை வெல்ல வைப்பார் என்று நான் எடுத்த எடுப்பிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழினுட்பக் கல்லூரியில், எண்ணைப் பார்க்க முன்னம் எண் காட்டுகிற கருவியைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். மீன் வாங்கப் போனால் தராசுத் தட்டின் அடியைக் குனிந்து பார்ப்பேன். அம்மா என்னோடு சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒப்பீட்டுக்கு ஒரு கொப்பி போட்டேன். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. தலைப்புகள்: அகலம், பாரம், குளக்கட்டில் ஓட்டம், மணலில் ஓட்டம், தண்ணீரில் ஓட்டம், உதிரிப்பாகம், பிறேக், எரிபொருள். எட்டாவதுக்குக் கீழே, யாருக்கும் காட்டாமல், ஒன்பதாவதாக ஒரு தலைப்பு: சாரதி மீது சந்தேகம். இரண்டு பக்கத்திலும் இடம் விட்டேன்.

புதிய ஜீப் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தி வந்தது. கிண்ணியாத் துறையில் வாகனங்களை மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கடத்துவார்கள். இதன் பாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றையும் கூட ஏற்ற ஏலாது என்று மற்ற வாகனங்களெல்லாம் போய் முடியும்வரை காக்க வைத்துவிட்டார்களாம். கொண்டு வந்தவர் குருநாகல் பக்கத்து இளம் சாரதி. பேச்சில் பாதி தமிழ், பாதி சிரிப்பு. ஜீப் வெள்ளை நிறம். கதவுகள் சாத்தினால் சத்தமில்லாமல் மூடும். திறப்பைத் திருகினால் முதல் திருகிலேயே இயங்கும். உள்ளே இருந்தால் தலைமயிரில் புழுதி படியாது. எனக்கு அது பிடித்துப் போயிற்று. பிடித்துப் போயிற்று என்பதாலேயே அதையும் சந்தேகித்தேன்.

கீழே படுத்துப் பார்த்தேன். அடிச்சட்டம் முழுக்கப் புதுத் தார் பூசியிருந்தது. இரண்டு வருட ஜீப்புக்கு எதற்குத் தார்? துருவை மறைக்கத்தானே பூசுவார்கள். திருப்புளியால் பத்து இடத்தில் சுரண்டினேன், சிறு சுத்தியலால் நெடுகத் தட்டினேன். எங்கும் நல்ல இரும்பு. நான் எழும்பும்போது இளம் சாரதி பக்கத்தில் குந்தியிருந்தார்.

"மிஸ், அது நான் பூசினது. போற எடம் கடல் ஊர், உப்பு எல்லாத்தையும் தின்னும் எண்டு சொன்னாங்க. மூணு நாள் வேல. மிஸ் இப்ப பத்து ஓட்ட போட்டாச்சி."

நானா தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, மிஸ் தேங்காய் வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவா. நீ கவலப்படாத, என்ர ஜீப்பையும் தட்டினவ. அது பதில் சொல்லிச்சு, ஒன்ட ஜீப்பு ஊமை."

"ஒங்கட ஜீப்பு பதில் சொல்லல்ல நானா, முனகினது. கெழவன் மாதிரி."

அவருடைய ஜீப் எங்கிருந்து வந்தது என்பது பற்றிக் கந்தோரில் நான்கு கதைகள் இருந்தன. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தது என்றார் ஒருவர். இரண்டு ஜீப்புகளை வெட்டி ஒன்றாக ஒட்டியது என்றார் இன்னொருவர். பதிவுப் புத்தகத்தில் தயாரித்த வருடம் எழுதிய இடத்தில் மை ஊறியிருந்தது. பிறேக் இடது பக்கம் இழுத்தது. கூரைத் துணி மூன்று இடத்தில் தைத்திருந்தது. முன் இருக்கையில் இருந்தால் இயந்திரச் சூடு காலில் அடிக்கும். இவற்றையெல்லாம் இடது பக்கத்தில் எழுதினேன்.

குளக்கட்டுச் சோதனை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிந்தது. எங்கள் வேலையில் பாதி கட்டின் மேல்தான். ஓர் உடைப்பு, ஒரு மதகு, எதுவானாலும் கட்டின் உச்சியால் போய்த்தான் பார்க்க வேண்டும். பழைய ஜீப் ஒடுங்கியது. கட்டின் மேல் ஓடி, மதகுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பியும் வந்தது. புதியது மதகை நெருங்கும்போது வலது பின் சக்கரம் ஓரத்தில் இறங்க, மண் பொலபொலவென்று தண்ணீருக்குள் விழுந்தது. இளம் சாரதி அசையாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, "மிஸ், இறங்கவா, இருக்கவா?" என்றார். நானா போய்த் தன் ஜீப்பில் கயிற்றைக் கட்டிப் பின்னுக்கு இழுத்து எடுத்துவிட்டார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. அதையும் ஒன்பதாவதின் கீழ் எழுதினேன்.

ஐந்து சிறு குளங்களின் கட்டுகளை நாடாவால் அளந்தேன். மூன்றில் புதியது போக ஏலாது. அத்தோடு அறிக்கையை முடித்திருக்கலாம். ஆனால் தலைமை அலுவலகத்துக்குக் குளக்கட்டின் அகலம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது எரிபொருள். சாரதி ஒவ்வொரு நாளும் ஓடிய மைலையும் போட்ட பெற்றோலையும் எழுதும் ஓட்டப் புத்தகத்தின்படி பழைய ஜீப் ஒரு கலன் பெற்றோலுக்குப் பதினொரு மைல் மட்டுமே ஓடியது. பல வருடப் பக்கங்களைப் புரட்டினேன். பதினொன்று, பத்தரை, பதினொன்று. டீசல் ஜீப் இருபதுக்கு மேல் ஓடும். இந்த ஒரு வரியே நானாவை மூதூரிலிருந்து எடுத்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சோதனை வைத்தேன். எரிபொருள் தாங்கியைக் கழுத்துவரை நிரப்புவது. மூதூரிலிருந்து வெருகல் ஆற்றங்கரை வரை போய்த் திரும்புவது, மொத்தம் ஐம்பது மைல். திரும்பி வந்து, அளவுக் கலத்தால் மறுபடி கழுத்துவரை நிரப்பி, எவ்வளவு போனது என்று பார்ப்பது. நான் முன் இருக்கையில் இருந்தேன். புதியது எதிர்பார்த்தபடியே இருபதைத் தாண்டியது. பழைய ஜீப்புக்கு மூன்று கலனும் கொஞ்சமும்தான் பிடித்தது. கலனுக்குப் பதினாறு மைல்.

பதினொன்று எப்படி ஒரே நாளில் பதினாறு ஆகும்?

வழியில் எங்கோ பெற்றோல் ஊற்றியிருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நான் ஒரு மதகைப் பார்க்க இறங்கியபோது ஊற்றியிருக்கலாம். ஒளித்து வைத்த பெற்றோல் தகரம் ஒன்று இருக்க வேண்டும். நானா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பின் இருக்கையைத் தூக்கினேன். சாரம் ஒன்று, கயிறு, ஸ்பனர்கள், காய்ந்த வெற்றிலை, இரண்டு நெல்மணி, ஒரு கோழி இறகு. முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டேன்.

"என்ன மிஸ் தேடுறீங்க?"

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"பேனா விழுந்திட்டுது நானா."

"பேனா ஒங்கட காதில கிடக்கு."

அவர் போனபிறகும் விடவில்லை. குனிந்தபடியே மீற்றர்ப் பலகையின் பின்பக்கத்தைக் கைவிளக்கால் பார்த்தேன். உப்புக் காற்றில் கிடக்கும் பித்தளை எல்லாம் பச்சை பூத்துவிடும். அந்தப் பலகையின் பின்னாலும் எல்லாத் திருகாணியும் பச்சை பூத்திருந்தது, ஒன்றைத் தவிர. மைல் மீற்றருக்கு வரும் கேபிளைப் பிடித்திருக்கும் வளையம் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. விரலால் கழற்றக்கூடிய வளையம். நாள்தோறும் விரல் பட்டால்தான் பித்தளை அப்படி இருக்கும்.

கேபிளைக் கழற்றினால் ஜீப் ஓடும், மைல் ஏறாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஏன் செய்கிறார் என்று மட்டும் விளங்கவில்லை. மைல் குறைந்தால் பெற்றோல் கணக்கு அவருக்குத்தானே பாதகம்? தன் ஜீப்பைத் தானே கெடுப்பாரா? புதிய ஜீப்பின் ஆள் வந்து கழற்றினாரா என்றுகூட யோசித்தேன். அப்படியென்றால் வளையம் இவ்வளவு தேய்ந்திருக்காது.

இன்னொரு சோதனை வேண்டும் என்று சொல்லி, அடுத்த கிழமை மறுபடி பழைய ஜீப்பில் புறப்பட்டேன். இந்த முறை பின்னால் இருந்தேன். பின்னால் இருந்தால்தான் அவருடைய இரண்டு கையையும் பார்க்கலாம். நானா கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் றோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.

பாதி வழியில், வயல் பக்கமாக ஒரு மண் பாதை பிரியும் இடத்தில், ஒரு மாடு குறுக்கே வந்தது. ஜீப் மெதுவானது. மருத மரத்தின் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழும்பி வந்து, ஒரு கையில் பனங்கூடையும் மறு கையில் காலைக் கட்டிய கோழியுமாக, பின்பக்கத்தால் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். ஏறுவதற்கு எந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று பார்க்காமலே அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

"கொஞ்சம் அரக்கி இருங்கோ பிள்ளை. கோழி கொத்தாது."

நான் தள்ளி இருந்தேன்.

"எங்கை இறங்கிறியள்?"

"வெருகலில்."

"ரீச்சரோ?"

"இல்லை."

"ரீச்சர் மாதிரித்தான் கிடக்கு, கொப்பியும் வைச்சிருக்கிறியள். என்ன குடுக்கிறனீங்கள்? நான் மாதத்துக்கு ஒரு கோழி. காசெண்டால் அவருக்கு இன்னும் விருப்பம்தான், ஆனால் காசுக்கு நான் எங்கை போறது." பிறகு முன்னால் எட்டி, "என்ன நானா, பேச்சு மூச்சைக் காணேல்லை? மகளின்ரை பிள்ளைப்பேத்துக்குப் போய் ஒரு மாதம் நிண்டிட்டு நேற்றுத்தான் வந்தனான். பெண் பிள்ளை" என்றார்.

நானாவின் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது சிவந்துகொண்டு வந்தது.

அடுத்த திருப்பத்தில் இரண்டு ஆண்கள் நெல்மூட்டையின் மேல் உட்கார்ந்து லொறிக்குக் காத்திருந்தார்கள். இந்த மாதம் ஜீப்பில் ஏற வேண்டாம் என்று நானா ஊர் ஊராகச் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் கோழிக்காரப் பெண் இருப்பதைக் கண்டதும் தடை எடுபட்டுவிட்டது என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நானா கையை வெளியே போட்டு, வேண்டாம், போங்கள் என்று வீசினார். கெதியா வரச் சொல்கிறார் என்று அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"நிப்பாட்டுங்கோ நானா" என்றேன். "ஏறட்டும்."

வெருகலில் மூவரும் இறங்கினார்கள். அந்தப் பெண் கோழியை இருக்கைக் காலில் கட்டி, "இந்த மாதத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்களில் ஒருவர் என்னைப் பார்த்து, மனிசர் நல்லவர், ஆனால் மழை நாளில் கூடுதலாகக் கேட்பார் என்று எச்சரித்தார்.

ஆற்றங்கரையில் நானும் நானாவும் கோழியும் மிஞ்சினோம்.

நானா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. நான் போய் முன்பக்கக் கதவருகே நின்றேன்.

"மீற்றர்க் கேபிளைக் கழற்றுறது எத்தனை வருசமா?"

"மிஸ் என்னப் புடிக்கத்தான் வந்தீங்க எண்டு எனக்கு மொத நாளே தெரியும்."

"நான் ஜீப்பைப் பார்க்க வந்தனான்."

"ஜீப்பப் பாக்க வந்த ஆள் சீட்டுக்குக் கீழ என்னத்துக்குக் கையப் போட்டீங்க? பேனாவக் காதில வெச்சிக்கிட்டு?"

கொப்பியை மூடினேன். அவரும் எனக்கு ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எங்கே இறங்கினேன், எதைத் தொட்டேன், யாரோடு பேசினேன், எல்லாம் அவருக்குப் பாடம். என் சந்தேகத்தை நான் கொப்பியில் எழுதினேன், அவர் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எழுதுங்க" என்றார். "மிஸ்ஸ வேல எடத்தில எறக்கிட்டு, ரோட்ட விட்டு உள்ளுக்குப் போய் ஆக்கள ஏத்தினது உண்மதான். அங்க பஸ் இல்ல. சும்மா ஏத்தினன் எண்டு சொல்லமாட்டன், வாங்கித்தான் ஏத்தினன். உள்ளுக்குப் போற மைல் காட்டப்படாது எண்டு கழத்தினன். எழுதினா என்ர வேல போகும். ஆனா ஜீப்பு நிக்கும். இதுதான் கட்டில ஓடும் எண்டு மிஸ்ஸுக்குத் தெரியும்."

"நிற்காது நானா."

"ஏன் நிக்காது?"

"கலனுக்குப் பதினொரு மைல் எண்டு உங்கட புத்தகத்தில இருக்கு."

"அது பொய். பதினாறு ஓடும். போன கெழம மிஸ்தான் அளந்தீங்க."

"ஓடும்தான். ஆனால் நீங்கள் மைலை மறைச்சனீங்கள், பெற்றோலை மறைக்கேல்லை."

அவருக்கு விளங்கவில்லை. நான் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டேன். இது றோட்டு, ஐம்பது மைல். இது நீங்கள் உள்ளே போய் வருகிற பாதை. இரண்டுக்கும் பெற்றோல் போகிறது. புத்தகத்தில் பெற்றோல் முழுவதும் இருக்கிறது, மைல் ஐம்பதுதான் இருக்கிறது. கொழும்பில் இருக்கிறவருக்கு என்ன தெரியும்? ஐம்பது மைலுக்கே இவ்வளவு குடிக்கிற ஜீப் என்று தெரியும். அதனால்தான் புதிய ஜீப்பை அனுப்பினார்கள்.

அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழி இரண்டு தரம் சிறகடித்துப் பார்த்து ஓய்ந்தது.

"அப்ப அந்த ஜீப்ப இங்க கூப்பிட்டது நான்தானா?" என்றார்.

நான் குச்சியைக் கீழே போட்டேன். பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறார் என்று காத்திருந்தேன். பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை இளக்கப் பார்க்கிறார் என்று சந்தேகித்து, எழுத வேண்டியதை எழுதியிருப்பேன். அவர் பேசவில்லை. மீற்றர்ப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஜீப்பை இயக்கினார். திரும்பி வந்து அளந்தபோது அன்றும் பதினாறுதான்.

பழைய எண் பிழை என்று நான் எழுதாவிட்டால் ஜீப்போடு அவர் போவார். ஏன் பிழை என்று எழுதினால் ஜீப் நிற்கும், அவர் போவார். லோஞ்சில் திரும்பி வரும்போது இதை இரண்டு நிரலாக எழுதிப் பார்த்தேன். இரண்டு நிரலின் அடியிலும் ஒரே விடை வந்தது. எழுதிய தாளைக் கிழித்துக் கடலில் போட்டேன். கொப்பியிலிருந்து நான் ஒரு தாளைக் கிழித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் போய், உள் பாதைகள் எல்லாவற்றிலும் ஓட்டச் சொன்னேன். கேபிள் பூட்டியபடி, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றியபடி, வழக்கமாக நிற்கும் இடங்களில் நின்றபடி. அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்னை இன்னும் நம்பவில்லை என்று தெரிந்தது. குளக்கட்டின் பின்னால் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று, உப்பு வெளியைச் சுற்றி ஒன்று என்று எத்தனையோ இடங்கள். எங்கள் வரைபடத்தில் இல்லாத இரண்டு வாய்க்கால் உடைப்புகளை ஏறியவர்களே காட்டினார்கள். மூதூருக்குத் திரும்பியபோது மீற்றரில் எழுபத்து மூன்று மைல். நாலரைக் கலன் பெற்றோல். எழுபத்து மூன்றை நாலரையால் பிரித்தால் பதினாறு சொச்சம். ஐம்பதை நாலரையால் பிரித்தால் பதினொன்று. இத்தனை வருடப் புத்தகமும் அந்த ஒரு வகுத்தலில் நேராகிவிட்டது.

அறிக்கையில் எட்டுத் தலைப்புகளும் எழுதினேன். ஒன்பதாவது இல்லை. பிறேக்கிலும், தலைப்பில் இல்லாத கதவிலும் இருக்கையிலும் புதியது மேல் என்று எழுதினேன். கட்டில் மூன்று இடத்தில் அது போக ஏலாது என்றும், மிதவையில் அதற்குத் தனி நடை வேண்டும் என்றும் எழுதினேன். எரிபொருளின் கீழே இப்படி இருந்தது: பழைய ஜீப்பின் மைல் மீற்றர்க் கேபிளின் இணைப்பில் தேய்வு காணப்பட்டது. இணைப்பு சரியாக இருந்த நிலையில் மூன்று முறை அளந்ததில் கலனுக்குப் பதினாறு மைல் கிடைத்தது. ஓட்டப் புத்தகத்தில் ஓடிய மைல்கள் முழுமையாகப் பதிவாகவில்லை. இணைப்புக்கு இப்போது ஈய முத்திரை இடப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வசனத்தையும் யார் கேட்டாலும் நிரூபிக்கலாம். நான்கையும் சேர்த்து வாசித்தால் அது உண்மை இல்லை. ஏழு தரம் வாசித்தேன். வேறு ஒருவர் எழுதியிருந்தால் நான் எந்த வசனத்தில் நின்று கேள்வி கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அறிக்கையை வாசித்த எங்கள் பொறியியலாளரும் அதே வசனத்தில்தான் நின்றார். பேனாவால் அந்த வரியைத் தொட்டு, "எவ்வளவு காலமா இந்தத் தேய்வு?" என்றார்.

"சொல்ல ஏலாது சேர்."

"தேய்வு உப்பாலயா?"

"உப்பால் பச்சை பிடிக்கும் சேர், தேயாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கையெழுத்திட்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்றும், ஒன்றும் தெரியாது என்றும் மாறி மாறி நினைத்தபடி என் கதிரைக்கு வந்தேன். இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஆங்கிலத்தில் பதில் வந்தது. பழைய ஜீப் மறு அறிவித்தல் வரை மூதூரில் நிற்கும், டீசல் ஜீப் மலைநாட்டுக்குப் போகும். இளம் சாரதிக்குச் சந்தோஷம். மலையில் உப்பு இல்லையே என்று சொல்லிக்கொண்டு அன்றே ஜீப்பைக் கழுவத் தொடங்கிவிட்டார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு லோஞ்ச் ஏறினேன். நானா மூதூர் இறங்குதுறையில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். அங்கேயே நின்று தமிழில் சொன்னேன்.

"என்ர பேர் அதில இருக்கா?"

"இல்லை. ஜீப் நிற்கும் எண்டுதான் இருக்கு."

"ஜீப்பு நிண்டா நான் நிப்பன்தானே?"

"ஓம்."

கடிதத்தை வாங்கி, வாசிக்க ஏலாத அந்த எழுத்துகளை வரி வரியாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவருக்காக எழுதினேனா, பதினொன்றும் பதினாறும் பொருந்த வேண்டும் என்பதற்காக எழுதினேனா என்று யாராவது கேட்டால் நேராகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

இரண்டு கிழமை அவர் ஒருவரையும் ஏற்றவில்லை. முத்திரையைத் திங்கட்கிழமை தோறும் பார்த்தேன், அப்படியே இருந்தது. மூன்றாவது திங்கள், வேப்பமரத்தடி வரும்போது தானாகவே ஜீப்பை நிறுத்தினார்.

"மிஸ், ஓட்டப் புத்தகத்தில ஆக்கள் எத்தின எண்டு போட ஒரு இடம் சும்மா கிடக்கே. அதில உண்மைய எழுதினா என்ன செய்வாங்க?"

"ஏன் ஏத்தினனீங்கள் எண்டு கேட்பார்கள்."

"வாய்க்கால் ஒடப்பக் காட்ட வந்த ஆக்கள் எண்டு மிஸ் எழுதலாம்தானே. இவங்க காட்டித்தானே அண்டைக்கு ரெண்டு கண்டீங்க?"

யோசித்தேன். அதில் பாதி உண்மை இருந்தது. மற்றப் பாதியை எப்படிச் சரிபார்ப்பது என்று உடனே ஒரு வழி தோன்றவில்லை.

"கோழி, காசு ஒண்டும் வாங்கக்கூடாது" என்றேன்.

"சரி."

"மைல் முழுவதும் எழுத வேணும்."

"முத்திர போட்டுட்டீங்களே, எழுதாம என்ன செய்ற?"

மரத்தடியில் நின்றவர்கள் ஏறினார்கள். அவர் மடியில் புத்தகத்தை வைத்து எழுதி, கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். ஆட்கள் என்ற இடத்தில் நான்கு என்று இருந்தது. நான் திரும்பிப் பார்த்து எண்ணினேன்.

"ஐந்து பேர் நானா."

"அது கைக்குழந்த, மிஸ்."

திருத்தச் சொன்னேன். நான்கை வெட்டி ஐந்து என்று எழுதித் தந்தார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், அடியில் ஒரு கையெழுத்தும் போட்டேன்.